கற்றவர் கையில் சான்று இருக்கட்டும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களிலிருந்து வந்தவை. ஏறக்குறைய எல்லாமே தொழிற்சாலைப் பயிற்சியைப் பற்றியவை. ஓசூர்ப் பக்கம் பயிற்சிப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்பதால், ஒவ்வொரு கடிதத்தையும் எனக்கு நேரில் பழக்கமான ஒரு முகத்தை நினைத்துக்கொண்டே படித்தேன். ஒரே பொருளுள்ள கடிதங்களைச் சேர்த்து ஆறு கேள்விகளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு, எங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 'ட்ரெய்னி' என்று சேர்ந்து பதினெட்டு மாதங்கள் ஆகின்றன. முதல் ஐந்து நாட்கள்தான் வகுப்பு நடந்தது. அதன் பிறகு மற்றவர்களைப் போலவே லைனில் நின்று வேலை செய்கிறாள், ஓவர்டைமும் பார்க்கிறாள். இதைப் பயிற்சி என்று சொல்லலாமா? முடிவில் அவளுக்கு என்ன கிடைக்கும்?
— வாசகி, போச்சம்பள்ளி

பதில்: முதலில் மகளிடம் இருக்கும் தாளை எடுத்துப் பாருங்கள். தொழிற்பழகுநர் ஒப்பந்தம் என்ற தலைப்பும் அது அரசிடம் பதிவான எண்ணும் அதில் இருந்தால், அவர் 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் சேர்க்கப்பட்டவர்; நாம் பேச்சில் அப்ரண்டீஸ் என்று சொல்வது இவரைத்தான். நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாளில் 'ட்ரெய்னி' என்றும் மாதத் தொகை என்றும் மட்டும் எழுதியிருந்தால், அது நிறுவனம் தானே வைத்துக்கொண்ட பெயர். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், சட்டத்தின் கண்ணில் இரண்டும் வெவ்வேறு.

அப்ரண்டீஸ் என்பவர் தொழிலாளி ஆகமாட்டார், கற்பவர் என்று அந்தச் சட்டமே கூறுகிறது. கற்பவர் என்பதாலேயே சில பாதுகாப்புகளும் அவருக்கு உண்டு. அவருக்குப் பீஸ் கணக்கில் கூலி கொடுக்கக் கூடாது. உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டங்களில் அவரைச் சேர்க்கக் கூடாது. அந்தச் சட்டப்படி அரசு நியமிக்கும் தொழிற்பழகுநர் ஆலோசகரின் ஒப்புதல் இல்லாமல் ஓவர்டைம் பார்க்கச் சொல்லவோ அனுமதிக்கவோ கூடாது; அந்த ஒப்புதலும் பயிற்சியின் நலனுக்காகவோ பொதுநலனுக்காகவோ மட்டுமே தரப்படலாம். வேலையில் காயம் பட்டால் இழப்பீட்டுக்கு முதலாளியே பொறுப்பு. பயிற்சிக் காலம் முடிந்து தேர்வில் வென்றால், நாடு முழுவதும் செல்லும் சான்றிதழ் கிடைக்கும். அதே நிறுவனம் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை. இதை மகளிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் மகள் இரண்டாவது வகையில் இருக்கிறார் என்றே எண்ணத் தோன்றுகிறது. அப்படியானால், பெயருக்கு என்ன எழுதியிருந்தாலும், அவர் உண்மையில் என்ன வேலை செய்தார் என்பதையே தொழிலாளர் வழக்குகளில் முதலில் பார்ப்பார்கள். இருபத்துநான்கு மாதங்களுக்குள் 480 நாட்கள் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. மாதத்துக்கு 26 நாள் என்று வைத்தாலும் பதினெட்டு மாதங்களுக்கு 468 நாட்கள் ஆகிவிடுகின்றன; 480-க்கு இன்னும் 12 நாட்களே குறைவு. ஆகவே ஊதியச் சீட்டுகளையும் வருகைக் கணக்கையும் ஒன்றுவிடாமல் சேர்த்து வையுங்கள். அவற்றுடன் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறையின் அலுவலகத்தையோ தொழிலாளர் துறையையோ அணுகி, உங்கள் மகளின் நிலை என்ன என்று எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

ஐந்து நாள் வகுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நிலைமின்சாரத்தை வெளியேற்றும் வாரை மணிக்கட்டில் ஏன் கட்டுகிறோம் என்பதை ஐந்து நாளில் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஒரு தொழிலைச் சொல்லிக் கொடுக்க முடியாது. பதினெட்டு மாதங்களாக ஒரே இருக்கையில் ஒரே திருகைத் திருகிக்கொண்டிருக்கும் பெண்ணைப் பயிற்சி பெறுபவர் என்று அழைப்பது பயிற்சி என்ற சொல்லுக்கே இழைக்கும் அநீதி என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: ஓசூரில் 22 பேர் வேலை செய்யும் சிஎன்சி (கணினி கட்டுப்பாட்டில் இயங்கும் மெஷின்) பட்டறை ஒன்றை நடத்துகிறேன். ஐடிஐ முடித்து வருபவர்களுக்கு ஆறு மாதம் கற்றுக் கொடுத்து, அவர்கள் தனியாக மெஷின் ஓட்டத் தொடங்கும் நேரத்தில் பெரிய கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். இரண்டு வருட பாண்டு எழுதி வாங்கலாமா? சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும்படி சிலர் யோசனை சொல்கிறார்கள்.
— வாசகர், ஓசூர்

பதில்: சான்றிதழ்களைத் தொடாதீர்கள். நான் பணியைத் தொடங்கிய தொழிற்சாலையில் மூலச் சான்றிதழ்களை இரும்பு அலமாரியில் பூட்டி வைக்கும் வழக்கம் இருந்தது. அதன் சாவி என் பொறுப்பில் இருந்தது. தங்கையின் கல்லூரிச் சேர்க்கைக்குத் தன் சாதிச் சான்றிதழைக் காட்ட வேண்டும் என்று ஓர் இளைஞர் கேட்டு வந்தபோது, மேலிடத்து ஒப்புதலுக்காக அவரை மூன்று வாரம் அலைய விட்டோம். சேர்க்கைத் தேதி கடந்துவிட்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் கூசுகிறது. ஒருவர் படித்துப் பெற்ற தாளைப் பிணையாக வைத்திருக்க எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை.

பாண்டு வேறு விஷயம். போட்டிக் கம்பெனிக்குப் போகவே கூடாது என்று எழுதி வாங்கினால், அது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. பயிற்சிக்கு உண்மையில் இவ்வளவு செலவானது, குறிப்பிட்ட காலத்துக்கு முன்பு விலகினால் அதற்கு ஈடு தர வேண்டும் என்று எழுதினால் அது செல்லக்கூடும். ஆனால் அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, எழுதிய தொகை முழுவதும் தானாகக் கிடைத்துவிடாது, நியாயமான ஈடு மட்டுமே கிடைக்கும். 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுத்துறை வங்கியின் மூன்று ஆண்டு, இரண்டு லட்சம் ரூபாய் பாண்டு செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதைச் சொல்லி உங்களை யாராவது ஊக்கப்படுத்தினால் சற்று நிதானியுங்கள். அந்த வழக்கில் இருந்தவர் ஒரு வங்கி மேலாளர். திறந்த போட்டியில் ஆளெடுக்கும் பொதுத்துறையின் செலவை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. அதை அப்படியே கொண்டுவந்து ஒரு பட்டறை ஆபரேட்டரின் தலையில் வைக்க முடியாது. இவை எல்லாம் போக, வழக்குப் போட்டு நீங்கள் பெறும் தொகை வக்கீல் கட்டணத்துக்குக் காணுமா என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

நான் சொல்லும் வழி வேறு. உங்கள் செலவில் ஒரு பகுதியை அரசு ஏற்கும் வாய்ப்பை நீங்கள் இன்னும் பயன்படுத்தவில்லை என்று தெரிகிறது. 2019-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, முப்பதும் அதற்கு மேலும் ஆட்கள் உள்ள நிறுவனங்கள் அப்ரண்டீஸ்களைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். நான்கு முதல் இருபத்தொன்பது பேர் வரை உள்ளவர்களுக்கு அது விருப்பம். ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை சேர்க்கலாம் என்பதால், உங்கள் பட்டறையில் மூன்று பேரை எடுக்க முடியும். ஐடிஐ முடித்தவருக்கு அந்த விதிகள் குறைந்தபட்ச உதவித்தொகையாக 7000 ரூபாயை நிர்ணயித்தன. 2016-இல் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 25 விழுக்காடு, மாதத்துக்கு அதிகபட்சம் 1500 ரூபாய். 7000 ரூபாயில் கால் பங்கு 1750 ஆனாலும், வரம்பு இருப்பதால் 1500 தான் வரும். பதிவு இணையத்தில்தான் நடைபெறும். தடுமாற்றம் இருந்தால் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் உதவி கேட்கலாம். தொகை சிறியதுதான். ஆனால் பதிவான ஒப்பந்தத்தில் சேர்ந்த இளைஞருக்கு, காலத்தை முடித்தால் சான்றிதழ் உண்டு என்பதால், ஆறாவது மாதத்தில் எழுந்து போக மனம் வருவதில்லை. பூட்டி வைத்த சான்றிதழைவிட, இனி வரப்போகும் சான்றிதழுக்கு ஆளை நிறுத்தும் வலிமை அதிகம் என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆறு மாதத்தில் தனியாக மெஷின் ஓட்டுகிறார் என்றால், ஏழாவது மாதத்தில் அவருக்குச் சம்பளம் கூடுகிறதா? பல பட்டறைகளில் தீபாவளிக்குத்தான் கூடும். சுவரில் ஒரு பலகை மாட்டுங்கள். இடப்பக்கம் ஆட்களின் பெயர், மேலே மெஷின்களின் பெயர், ஒவ்வொரு சந்திப்பிலும் நான்கு பகுதிகளாகக் கோடிட்ட ஒரு வட்டம். கற்கத் தொடங்கினால் ஒரு பகுதி, மேற்பார்வையில் ஓட்டினால் இரண்டு, தனியாக ஓட்டினால் மூன்று, பிறருக்குக் கற்றுக் கொடுக்கத் தெரிந்தால் நான்கும் கருமையாகும். மூன்றாவது பகுதிக்கும் நான்காவது பகுதிக்கும் சம்பள உயர்வு எவ்வளவு என்பதை அதே பலகையில் எழுதிவிடுங்கள். பெரிய கம்பெனிகள் தரும் பஸ்ஸும் கேண்டீனும் உங்களால் தர முடியாமல் இருக்கலாம். அங்கே ஒரே மெஷினில் நிற்கப்போகிற இளைஞர் உங்களிடம் டர்னிங், மில்லிங், கிரைண்டிங் மூன்றையும் கற்க முடியும். அதை அவர் கண்ணால் காணும்படி செய்யுங்கள். அதற்குப் பிறகும் சிலர் போவார்கள். போகிறவருக்கு என்னென்ன கற்றார் என்று எழுதி ஒரு சான்று கொடுத்தே அனுப்புங்கள்.

கேள்வி: எனக்கு 41 வயது. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினைந்து ஆண்டுகளாக மில்லிங் மெஷினில் வேலை செய்கிறேன். நான் கற்றுக் கொடுத்த பையன்கள் ஐடிஐ சான்றிதழ் இருப்பதால் என்னைவிட அதிகம் சம்பாதிக்கிறார்கள். இனிமேல் என்னால் சான்றிதழ் வாங்க முடியுமா?
— வாசகர், பென்னாகரம்

பதில்: முடியும். ஐடிஐ மாணவர்கள் எழுதும் அகில இந்தியத் தொழிற்தேர்வில், அந்தத் தொழிலில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் தனித்தேர்வராகக் கலந்துகொள்ள வழி இருக்கிறது. அதற்கான அறிவிப்பை மாவட்ட நிர்வாகம் நாளிதழ்களில் வெளியிடும். நீங்கள் அதற்குக் காத்திராமல் கடகத்தூர் அரசு தொழிற்பயிற்சி நிலையத்துக்கே போய், அடுத்த விண்ணப்பம் எப்போது, உங்கள் தொழிற்பிரிவுக்கு என்ன கல்வித் தகுதி என்று கேட்டு வாருங்கள். முதலில் செய்ய வேண்டியது, வேலை செய்த ஒவ்வொரு இடத்திலும் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, என்ன மெஷினில் என்று குறிப்பிட்ட அனுபவச் சான்று வாங்குவது. மூடிப்போன பட்டறைகளின் சான்றுக்கு அலைவதுதான் இதில் கடினமான வேலை.

செய்முறைத் தேர்வில் உங்களுக்குச் சிரமம் இருக்காது. எழுத்துத் தேர்வில் பட்டறைக் கணக்கும் வரைபடமும் வரும். அதற்கு மூன்று மாதமாவது உட்கார்ந்து படியுங்கள். நீங்கள் கற்றுக் கொடுத்த பையன்களில் ஒருவரிடம் அதைக் கற்றுக்கொள்வதில் எந்தக் குறைவும் இல்லை. தொழிற்தேர்வு கனமாகத் தோன்றினால், முன்னரே பெற்ற திறனை மதிப்பிட்டுச் சான்று தரும் முறை ஒன்றும் 2015-இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் வந்தது. ஓரிரு வாரங்களுக்குள் முடிந்துவிடும். ஆனால் வேலைச் சந்தையில் ஐடிஐ தேர்வுச் சான்றுக்கு உள்ள மதிப்பு அதற்கு இல்லை என்பதால், முதல் வழியையே நான் பரிந்துரைக்கிறேன்.

கேள்வி: மாங்கூழ் ஆலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். சீசன் தொடங்கியதும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வந்து சேருகிறார்கள். பெரும்பாலோர் பெண்கள், பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஓரிரு மாதங்களில் வேலையே முடிந்துவிடும். இவர்களுக்கு எப்போது, எப்படிப் பயிற்சி கொடுப்பது?
— வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: இந்தக் கேள்வியை எழுதியதற்காக உங்களைப் பாராட்ட வேண்டும். 'இரண்டு மாதத்துக்கு எதற்குப் பயிற்சி' என்று கைவிடுபவர்களைத்தான் நான் அதிகம் சந்தித்திருக்கிறேன். குறுகிய காலம் என்பதே பயிற்சியை அவசரமாக்குகிறது. பத்து நாள் தவறாகச் செய்துவிட்டுப் பதினோராம் நாள் திருத்திக்கொள்ள உங்களிடம் நாள் இல்லை.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவுக்கு இதே சிக்கல் வந்தது. தேர்ந்த தொழிலாளர்கள் போர்முனைக்குப் போய்விட, தொழிற்சாலையையே பார்த்திராத பெண்களும் விவசாயிகளும் அந்த இடங்களுக்கு வந்தார்கள். 1940 முதல் 1945 வரை நடந்த தொழிலக உட்பயிற்சித் திட்டம், வந்தவர்களுக்கு நேராகப் பாடம் எடுக்காமல், அவர்களுக்கு மேலே இருந்த மேற்பார்வையாளர்களுக்குக் கற்றுக் கொடுக்கும் கலையைப் பழக்கியது. பதினாறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் பயிற்சி பெற்றார்கள். போருக்குப் பின் அந்த முறையை ஜப்பானியத் தொழிற்சாலைகள் எடுத்துக்கொண்டு இறுகப் பற்றிக்கொண்டன. முறை எளியது. கற்பவரின் அச்சத்தைப் போக்கி, ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது முதல் படி. ஒரு நேரத்தில் ஒரு செயலாகச் செய்து காட்டிச் சொல்வது இரண்டாம் படி. அவரையே செய்ய வைத்து, செய்துகொண்டே நமக்கு விளக்கச் சொல்வது மூன்றாம் படி. தனியே விட்டு, ஐயம் வந்தால் யாரைக் கேட்பது என்று காட்டி, அடிக்கடி வந்து பார்ப்பது நான்காம் படி. கற்பவர் கற்கவில்லை என்றால் கற்பித்தவர் கற்பிக்கவில்லை என்பது அவர்களுடைய பிரமாணம்.

உங்கள் ஆலையில் இதை இப்படிச் செய்யலாம். கழுவும் தொட்டி, தரம் பிரிக்கும் மேசை, கொட்டை நீக்கும் இயந்திரம், கூழ் வடிகட்டி, நிரப்பும் இடம் என்று ஒவ்வொன்றுக்கும் முந்தைய சீசன்களில் வேலை செய்த ஒரு அனுபவசாலிப் பெண்ணைத் தேர்ந்தெடுங்கள். சீசனுக்கு முந்தைய வாரம், முழுக் கூலி கொடுத்து அந்த ஐந்தாறு பேருக்கு மட்டும் பயிற்சி வையுங்கள். ஒவ்வொரு வேலையையும் மூன்று கேள்விகளாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: என்ன செய்கிறோம், எந்த இடத்தில் கவனம் வேண்டும், ஏன். தரம் பிரிக்கும் மேசையில் 'அழுகலை எடு' என்று மட்டும் சொன்னால் போதாது. காம்புப் பக்கத்தை விரலால் அழுத்திப் பார், உள்ளே கறுத்திருந்தால் ஒதுக்கு, ஏனென்றால் ஒரு பழத்தின் பூஞ்சை ஒரு பீப்பாய்க் கூழைக் கெடுக்கும் என்று காரணத்தோடு சொன்னால், எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணும் மறக்கமாட்டார். பெங்களூரா மாம்பழத்தைக் கையில் எடுத்தவுடன் பழுத்த பக்குவத்தைச் சொல்லிவிடும் அவர், உங்கள் ஆய்வகத்தில் சர்க்கரை அளவு பார்க்கும் கருவி என்ன காட்டுகிறது என்பதையும் ஒரு முறை பார்க்கட்டும். தன் கணிப்பும் கருவியின் எண்ணும் ஒத்துப்போவதைக் கண்ட முகத்தின் மலர்ச்சி, நீங்கள் கொடுக்கும் எந்தச் சொற்பொழிவையும்விட நன்றாக வேலை செய்யும்.

சட்டத்தின் பக்கமும் ஒன்று இருக்கிறது. உணவைக் கையாளும் ஒவ்வொரு 25 பேருக்கும், பயிற்சி பெற்ற உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பயிற்சித் திட்டம் வகுத்திருக்கும் அளவு. நூறு பேருக்கு நால்வர். உங்கள் அனுபவசாலிப் பெண்களுக்கே அந்தச் சான்றிதழை வாங்கிக் கொடுக்க முயலுங்கள். பழுக்க வைப்பதற்குக் கார்பைடு கல்லைப் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டது என்பதையும், எத்திலீன் வாயுவுக்கு வரம்பு உண்டு என்பதையும் கிடங்கில் நிற்பவர்கள் அனைவரும் முதல் நாளே அறிய வேண்டும்.

கேள்வி: மனிதவளப் பிரிவில் பயிற்சியைக் கவனிக்கிறேன். ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் கருத்துப் படிவத்தில் 'மிக நன்று' என்றே வருகிறது. ஆனால் லைனில் ரிஜெக்ஷன் (தரமின்றித் தள்ளப்படும் துண்டுகள்) குறையவில்லை என்று உற்பத்தி மேலாளர் குறை கூறுகிறார். எங்கே தவறு?
— வாசகி, சூளகிரி

பதில்: வகுப்பு பிடித்திருந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள், பிடித்திருந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். பயிற்சியின் பயனை நான்கு தளங்களில் அளக்க வேண்டும் என்று அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் எழுதினார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் மாற்றினார்களா, நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா. உங்கள் படிவம் முதல் தளத்தோடு நின்றுவிடுகிறது.

மைக்ரோமீட்டர் என்ற நுண்ணளவுக் கருவியைப் பற்றி வகுப்பு எடுத்தால், முடிவில் படிவத்துக்குப் பதிலாக அளவு தெரிந்த மூன்று துண்டுகளைக் கையில் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து லைனுக்குப் போய், அவர் அழுத்தம் மிகாமல் காக்கும் ராட்செட் குமிழைத் திருகுகிறாரா, இன்னும் உருளையையே இறுக்குகிறாரா என்று பாருங்கள். இறுக்குகிறார் என்றால், உடனே வகுப்பைக் குறை கூறாதீர்கள். மணிக்கு இத்தனை துண்டு என்று மேற்பார்வையாளர் விரட்டும்போது ராட்செட்டைத் திருக அவருக்கு நேரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பயிற்சியால் தீராத குறைகளைப் பயிற்சிப் பிரிவின் தலையில் கட்டுவது எல்லாத் தொழிற்சாலைகளிலும் நடக்கிறது. துண்டைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்சர் தேய்ந்ததால் வரும் ரிஜெக்ஷனை எந்த வகுப்பும் குறைக்காது. அடுத்த வகுப்புக்குத் தேதி குறிக்கும் முன், உற்பத்தி மேலாளரோடு அமர்ந்து, சென்ற மாத ரிஜெக்ஷனில் ஆள் தெரியாமல் செய்தது எவ்வளவு, தெரிந்தும் செய்ய முடியாமல் போனது எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள்.

கேள்வி: தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறேன். என் தாய்மொழி தெலுங்கு, தமிழ் படிப்பேன். பாதுகாப்பு வகுப்பு ஆங்கிலத்தில் திரையில் ஓடியது. ஒன்றும் புரியவில்லை. ஆனால் 'புரிந்தது' என்ற தாளில் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். இது சரியா?
— வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: சரியில்லை. உடல்நலம், பாதுகாப்பு தொடர்பான தகவலைப் பெறவும், அதற்கான பயிற்சியைப் பெறவும் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்று 1987-இலேயே தொழிற்சாலைச் சட்டத்தில் தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. புரியாத மொழியில் சொன்னதைத் தகவல் என்று கொள்ள முடியாது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் இப்போது இந்தியும் ஒரே லைனில் பேசப்படும் நம் பகுதியில், பிரஸ் மெஷினின் இரட்டைப் பொத்தானை ஏன் இரண்டு கையாலும் அழுத்த வேண்டும் என்பதை அவரவர் மொழியில் சொல்லாதவர்கள், விரல் போன பிறகு அந்தக் கையெழுத்துத் தாளை எடுத்துக் காட்டுவார்கள்.

தனியாகக் கேட்கத் தயங்கினால், நாலைந்து பேர் சேர்ந்து பாதுகாப்புக் குழுவில் உள்ள தொழிலாளர் பிரதிநிதியிடம் சொல்லுங்கள். டை என்னும் அச்சை மாற்றும்போது மின்சாரத்தை எங்கே துண்டிப்பது, பூட்டும் சாவியும் யாரிடம் இருக்கும், நெருக்கடி நிறுத்தப் பொத்தான் எது என்ற மூன்றையும் மெஷின் அருகிலேயே நின்று, உங்களுக்குப் புரியும் மொழியில் செய்து காட்டச் சொல்லுங்கள். அடுத்த முறை அந்தத் தாள் வரும்போது, உங்கள் பெயருக்கு எதிரே 'ஆங்கிலத்தில் நடந்தது, புரியவில்லை' என்று தமிழில் எழுதிக் கையெழுத்திடுங்கள். அன்றைய தேதியையும் வகுப்பு எடுத்தவரின் பெயரையும் வீட்டில் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.